ஏறாவூரில் பதினாறு, காத்தான்குடியில் பதினேழு: தோளுக்குக் கொம்பு வைக்கப் போன பயணம்

கொழும்பில் ஒரு தந்தி அலுவலகத்தில் பத்து வருடம் சாவி தட்டியவனுக்கு வலது தோள் இறுகிப் போனால் என்ன நடக்கும் என்று பலருக்குத் தெரியாது. முதலில் கழுத்தைத் திருப்ப முடியாது. பிறகு விரல் மரக்கும். பிறகு புள்ளி அடிக்க வேண்டிய இடத்தில் கை தானாகக் கோடு அடிக்கும். மேலதிகாரி ஒருநாள் கூப்பிட்டு, அடுத்த புதன்கிழமை காலை பத்து மணிக்கு வேகச் சோதனை, நிமிடத்துக்கு இருபது சொல் வராவிட்டால் மூட்டை கட்டும் பகுதிக்கு மாற்றம் என்றார். சம்பளத்தில் பாதி போய்விடும். வீட்டில் மூன்று பிள்ளைகள். எனக்கு முப்பத்துநாலு வயது.

ரயில் மட்டக்களப்புக்கு வந்து சில வருடங்களே ஆகியிருந்த காலம் அது. எங்கள் அலுவலகத்துக்கு அடிக்கடி வரும் ரயில்வே கார்ட் ஒருவர், ஏறாவூரில் ஆதம்பாவா ஒஸ்தா என்று ஒருவர் மாட்டுக் கொம்பு வைத்து ரத்தம் எடுப்பார், என் இடுப்புப் பிடிப்பு ஒரே நாளில் இளகியது என்றார். ஒஸ்தா என்றால் முடி வெட்டுவது, சுன்னத்துச் செய்வது, கொம்பு வைப்பது எல்லாவற்றுக்கும் ஊர் நம்புகிற ஆள். எண்ணெய், ஒத்தடம், ஆஸ்பத்திரித் தைலம் எல்லாம் பார்த்தாயிற்று. ஆறு நாள் லீவு எழுதிக் கொடுத்துவிட்டு வியாழன் இரவு ரயில் ஏறினேன்.

போக நினைப்பவர்களுக்கு: மூன்றாம் வகுப்பில் ஜன்னலோரம் வேண்டுமென்றால் ஒரு மணி நேரம் முன்பே போய் நில்லுங்கள். வழியில் மாகோ ஸ்டேஷனில் தேத்தண்ணீர் கிடைக்கும், குடிக்கும்படி இருக்காது. விடியும்போது ஓட்டமாவடிப் பாலம். ரயிலும் மாட்டுக் கரத்தையும் மோட்டாரும் ஒரே பாலத்தில்தான் போக வேண்டும் என்பதால் இரண்டு பக்கமும் ஆட்கள் நின்று நம்மைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். அழகான இடம். நான் பார்த்தேன் என்று சொல்ல முடியாது. கழுத்தைத் திருப்பாமல் எவ்வளவு பார்க்க முடியுமோ அவ்வளவுதான் பார்த்தேன்.

காலை ஆறு பத்துக்கு ஏறாவூரில் இறங்கினேன். ஸ்டேஷனில் சாமித்தம்பி என்கிற கரத்தைக்காரர் பெட்டியை வாங்கிக்கொண்டார். தன்னாமுனைக்காரர், பேச்சை நிறுத்தாத மனிதர்.

"ஒஸ்தாவையா? இண்டைக்கு வெள்ளிக்கிழமை ஐயா. ஜும்மாத் தொழுகை முடிஞ்சு ரெண்டு மணிக்கு மறுகாத்தான் ஆள் கிடைக்கும்" என்றார்.

எட்டு மணி நேரம். தேத்தண்ணிக் கடை ஒன்றின் பின்னறையில் ஒரு நாளைக்கு ஐம்பது சதத்துக்கு இடம் பிடித்துப் பெட்டியை வைத்துவிட்டு ஊரை மூன்று முறை சுற்றினேன். நான் பொறுமைசாலி இல்லை. என் மனைவி சொல்வது போல, சாப்பிட உட்கார்ந்தாலும் என் இடது கை இலையோரத்தில் தந்தி அடித்துக்கொண்டிருக்கும்.

ஆதம்பாவா ஒஸ்தா ஐம்பது வயது மதிக்கத்தக்கவர். மெலிந்த உடம்பு, விரல்கள் மட்டும் தடிப்பு. சட்டையைக் கழற்றச் சொல்லி, கழுத்திலிருந்து தோள்மூட்டு வரை பெருவிரலால் அழுத்திக்கொண்டே போனார். வலிக்கும் இடத்தை நான் சொல்லத் தேவையே இருக்கவில்லை.

"இஞ்சதான் இறுகிக் கிடக்கு. வெச்சா இளகும் தம்பி. ஆனா இண்டைக்கு இல்ல. இண்டைக்குப் பிறை பதிமூணு. பதினேழு, பத்தொன்பது, இருபத்தொண்டு, இந்த மூணு நாளிலதான் கத்தி எடுப்பன். பதினேழு வாற செவ்வாக்கிழமை."

"புதன் காலமை பத்து மணிக்கு எனக்குக் கொழும்பில தந்தி தட்டுற சோதனை, காக்கா" என்றேன், அந்தப் பக்கத்தில் அண்ணனைக் கூப்பிடுகிற மாதிரி.

"அப்ப ஏலா. கொம்பு வெச்சா லேசான வேலைக்கே ஒரு ராவு கழியோணும், தந்தி தட்டுறதுக்கு ரெண்டு ராவு. ஒரு ராவோட தட்டப் போனா இருக்கிற கையும் போயிரும்."

எவ்வளவோ கேட்டுப் பார்த்தேன். மரியாதையாகவே மறுத்தார். மரியாதையாக மறுப்பவரோடு சண்டை பிடிக்கவும் முடியாது. வெளியே வந்து சாமித்தம்பியிடம் புலம்பினேன். அவர் மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டே சொன்னார்:

"அவசரமெண்டா காத்தான்குடிக்குப் போங்களன் ஐயா. அங்க பிறை ஒரு நாள் முந்தி. மாதம் பிறக்கிற அண்டைக்கு இஞ்ச மேகம். ஒருத்தரும் காணல்ல. அவங்க கண்டுட்டாங்க. அவங்களுக்குத் திங்கக்கிழமை பதினேழு."

வானத்தில் இருப்பது ஒரே நிலா. பன்னிரண்டு மைல் தெற்கே போனால் எனக்கு ஒரு நாள் கூடுதலாகக் கிடைக்கிறது என்றால் விடுவேனா? சனிக்கிழமை காலை ஏழரை பஸ்ஸில் ஏறினேன். ஏறாவூரிலிருந்து மட்டக்களப்பு ஒன்பது மைல், முப்பது சதம், முக்கால் மணி நேரம். அங்கே பஸ் மாறி, கல்லடிப் பாலம் தாண்டி மூன்று மைல், பத்துச் சதம். பாலத்தில் இரண்டு பக்கமும் வாவி. வலை வீசுகிறவர்கள் தோணியில் நின்றபடி கையை எவ்வளவு லேசாகச் சுழற்றுகிறார்கள் என்று பார்த்தபோது எனக்குப் பொறாமையாக இருந்தது.

காத்தான்குடியில் நெசவுத் தறிச் சத்தம் கேட்கும் தெரு ஒன்றில், அந்த ஊரில் கொம்பு வைக்கும் மீராலெப்பை ஒஸ்தாவின் வீடு. போனதும் நல்ல செய்திதான். "ஓம், திங்கக்கிழமை எங்களுக்குப் பதினேழு" என்றார். உட்காரச் சொன்னார். பிறகு சவரக்கத்தியை எடுத்து வலது கையைத் தூக்கிக் காட்டினார். கை நெஞ்சு மட்டத்துக்கு மேல் போகவில்லை. கத்தி நுனி ஆடியது.

"மூணு கிழமையா என்ட தோள் பூட்டிக் கிடக்கு. இந்தக் கையால உங்கட முதுகில கீறினா, கீறல் எங்க போய் நிக்குமெண்டு எனக்கே தெரியா."

"வேறை ஆள் இல்லையா?"

"எனக்குக் கொம்பு வெக்கிறது ஒரே ஆள். அவனுக்கு வெக்கிறது நான். தன்ட முதுகில தானே வெக்க ஏலாதே. ஏறாவூர் ஆதம்பாவா, என்ட தங்கச்சிட மாப்பிள்ளை. இந்த மாதம் அவன் வரமாட்டான். பிறையைக் கண்ணால கண்டவன் நான். வாவிக்கு மேல, இந்தளவு. அவன் என்ன சொல்லி அனுப்பினான் தெரியுமா? மச்சானுக்குக் கண்ணில புரையெண்டு."

சுள்ளி ஒன்றை எடுத்து மணலில் கணக்குப் போட்டுப் பார்த்தேன். இவர்களுக்குப் பதினேழு என்றால் அங்கே பதினாறு. இங்கே பத்தொன்பது என்றால் அங்கே பதினெட்டு. இங்கே இருபத்தொன்று, அங்கே இருபது. இரண்டு மச்சான்மாருக்கும் ஒத்து வரும் நாள் அந்த மாதத்தில் ஒன்றுகூட இல்லை. நடுவில் என் தோள்.

திங்கட்கிழமைக்குள் ஆதம்பாவா இங்கே வந்தாக வேண்டும், மச்சானின் கையைக் கண்ணால் பார்த்தால் மனம் இளகலாம். திரும்பவும் பன்னிரண்டு மைல் போய், கெஞ்சி, அவர் மறுத்து, மறுபடி பன்னிரண்டு மைல் வர எனக்குப் பொறுமை இல்லை. என் தொழில் என்ன? பஸ் பிடித்து மட்டக்களப்பில் புளியந்தீவுத் தபாற்கந்தோருக்குப் போய், பதினொன்றரைக்கு ஒரு தந்தி எழுதிக் கொடுத்தேன். "மீராலெப்பை தோள் மோசம். உடனே வரவும்." ஐந்தே சொல். சொல்லைச் சுருக்குவதில் எனக்கு எப்போதும் ஒரு பெருமை. பக்கத்துக் கடையில் இடியப்பம் சாப்பிட்டுவிட்டு, வேலை முடிந்த நிம்மதியில் காத்தான்குடிக்குத் திரும்பினேன். மீராலெப்பையிடம் தந்தி அடித்த கதையைச் சொன்னேன். அவர் முகம் கொஞ்சம் மாறியது.

நாலரை மணிக்கு ஒரு வாடகை மோட்டார் வாசலில் வந்து நின்றது. உள்ளே ஏழு பேர். கதவு திறக்கும் முன்பே அழுகைச் சத்தம் தெருவை நிறைத்தது. முதலில் இறங்கியவர் ஆதம்பாவாவின் மனைவி ஆசியா உம்மா, மீராலெப்பையின் தங்கை. முந்தானையைத் தலையில் இழுத்துவிட்டுக்கொண்டு, யாரையும் பார்க்காமல் உள்ளே ஓடினார். பின்னால் ஆதம்பாவா. அவர் கையில் ஒரு பொதி. மீராலெப்பை என் பக்கத்தில் உட்கார்ந்து தேத்தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தார். ஆதம்பாவா அவரைப் பார்த்தார், நின்றார், அப்படியே மணலில் உட்கார்ந்துவிட்டார். பொதி அவிழ்ந்து விழுந்தது. வெள்ளைத் துணி. மட்டக்களப்புக் கடைத்தெருவில் காரை நிறுத்தி, இறந்த உடலைச் சுற்றிக் கபனிட வாங்கி வந்த துணி.

நான் எழுந்து நின்றேன். உட்காரவும் முடியவில்லை, போகவும் முடியவில்லை. தந்தி அடித்தது நான்தான், தோள் மோசம் என்றுதானே எழுதினேன், வேறு எதுவும் இல்லையே என்று உளறினேன்.

ஆசியா உம்மா உள்ளே அண்ணனைத் தேடிவிட்டு, வாசலில் அவர் குரல் கேட்டுத் திரும்பி ஓடிவந்தார். அவர் தோளை, அந்தப் பூட்டிக் கிடந்த தோளையே, இரண்டு கையாலும் அடித்து அழுதார். பிறகு கதவுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டார். அங்கிருந்து கேட்டார்:

"தோளுக்கு எவராவது தந்தி அடிப்பாங்களா? தபால்காரன் சைக்கிள்ல இருந்து இறங்கினதுமே தெரிஞ்சு போச்சு. வாசிச்சுக் காட்டினாங்க, தோளாம் எண்டு. ஆள் மவுத்தாப் போனா அதை ஆருதான் தந்தியில எழுதுவாங்க? சுகமில்ல, உடனே வா எண்டுதானே எழுதுவாங்க. எங்கட வாப்பாக்கும் அப்படித்தான் வந்தது, காய்ச்சலெண்டு. வந்து பாத்தா அடக்கி முடிஞ்சுது."

அந்த வழக்கம் எனக்குத் தெரியாததா? கவுண்டரில் நின்று அழுகிறவர்களுக்கு எத்தனை முறை நானே சொல்லிக் கொடுத்திருக்கிறேன். "இறந்துவிட்டார் என்று போடாதீர்கள், வழியில் ஏதாவது ஆகிவிடும். நிலை மோசம் என்று போடுங்கள், வந்து சேரட்டும்." உதவி செய்கிறேன் என்றுதான் நினைத்தேன். இப்படிச் சொல்லிச் சொல்லியே, நோய் என்று வருகிற எந்தத் தந்தியையும் யாரும் நம்பாதபடி செய்துவிட்டோம். பத்து வருடத்தில் எத்தனை ஆயிரம் தந்தி அனுப்பியிருப்பேனோ தெரியாது. ஒன்றாவது போய்ச் சேருகிற வீட்டு வாசலில் அன்றுவரை நான் நின்றதில்லை.

அன்று யாரும் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அந்த வீட்டிலேயே எனக்கும் சோறு போட்டார்கள், வெளி விறாந்தையில் பாய் போட்டார்கள். மோட்டாருக்கு ஐந்து ரூபாயை நான் கொடுத்ததற்கும் ஆதம்பாவா முதலில் சம்மதிக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை முழுவதும் வீட்டுக்கும் வாவிக்கரைக்குமாக நடந்தேன். கரை வரைக்கும் கால் மைல். ஆறு முறை போய் வந்திருப்பேன். நாளை மறுநாள் மாலை ரயில். வீட்டுக்குள் மச்சான்மார் இருவரும் முகம் பார்த்துப் பேசினார்கள், சிரிக்கவும் செய்தார்கள், ஆனால் பிறை விஷயத்தில் ஆதம்பாவா ஒரு அங்குலம் அசையவில்லை. நாளைக்குப் பதினாறு, பதினாறில் கத்தி தொடமாட்டேன். மீராலெப்பையும் அதே மாதிரி: செவ்வாய் பதினெட்டு, பதினெட்டில் முதுகைக் காட்டமாட்டேன். நான் அந்தத் தந்திக்குப் பிறகு வாய் திறந்து எதையும் கேட்கும் நிலையில் இல்லை. மூட்டை கட்டும் பகுதியில் எனக்கு மேலே இருக்கப்போகிறவனின் முகம் கண்ணுக்கு முன் வந்து வந்து போனது.

மாலை அஸர் தொழுகை முடிந்து இருவரும் வந்து உட்கார்ந்தபோது கதவுக்குப் பின்னாலிருந்து ஆசியா உம்மா பேசினார்.

"நாளைக்கு ரத்தம் குடுக்கிறது ஆரு?"

"மச்சான்" என்றார் ஆதம்பாவா.

"அப்ப நாளும் காக்காடதான். ரத்தம் அவர்ட, பிறையும் அவர்ட. நீங்க வெறும் கைதானே. நாளண்டைக்கு உங்கட ரத்தம், உங்கட பதினேழு. அப்ப காக்கா கை. இதுக்குப் போய் ரெண்டு கிழமையா ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பாக்காம, நான் நேத்து அந்த மோட்டார்ல என்ன பாடுபட்டேன் தெரியுமா?"

ஆதம்பாவா தாடியைத் தடவினார். "சட்டத்தில இடமிருக்கு" என்று மீராலெப்பை சொன்னார். அவர் சொன்ன சட்டம் எது என்று எனக்குத் தெரியாது. கேட்கவும் இல்லை.

"இந்தத் தம்பிக்கு எந்தப் பிறை?" என்றார் ஆதம்பாவா. எனக்குத் தூக்கிவாரிப் போட்டது.

"ஏறாவூரில எத்தினை ராவு படுத்தார்?" உள்ளிருந்து கேள்வி.

"ஒண்டு" என்றேன்.

"இண்டையோட இஞ்ச ரெண்டு. காத்தான்குடிப் பிறைதான்."

திங்கட்கிழமை காலை, வெறும் வயிற்றில். முதலில் மீராலெப்பை. எப்படிச் செய்கிறார்கள் என்று அறிய விரும்புகிறவர்களுக்காக எழுதுகிறேன். அடி அகன்று நுனியில் துளையுள்ள மாட்டுக் கொம்பை இறுகிய இடத்தில் வைத்து, துளை வழியாக வாயால் காற்றை உறிஞ்சுவார்கள். உறிஞ்சியதும் கடைவாயில் ஒதுக்கி வைத்திருக்கும் தேன்மெழுகை நாக்காலேயே தள்ளித் துளையை அடைத்துவிடுவார்கள். கொம்பு தோலைப் பிடித்துக்கொண்டு நிற்கும். கால் மணி நேரம் கழித்து எடுத்தால் தோல் வட்டமாக வீங்கிச் சிவந்திருக்கும். அதில் நெருப்பில் காட்டிய கத்தியால் மேல்தோல் மட்டும் அறும்படி சின்னச் சின்னக் கீறல்கள். மறுபடி கொம்பு. இரண்டாம் முறை எடுக்கும்போது கறுத்த ரத்தம் கட்டியாக வரும். துடைக்க வேறு துணி தேடவில்லை. அந்த வெள்ளைத் துணியைத்தான் மீராலெப்பை கிழிக்கச் சொன்னார். "எனக்குத்தானே வாங்கினது, எனக்கே பாவிப்பம்" என்றார். ஆதம்பாவா சிரிக்கவில்லை. துணியைக் கிழிக்கும்போது அவர் கண் நிறைந்திருந்தது.

பிறகு நான். வலி குறைவு. இழுவைதான் அதிகம். தோள்பட்டையை யாரோ பின்னாலிருந்து தூக்குவது போலிருக்கும். கீறல் எறும்புக் கடி அளவுதான். முடிந்ததும் கழுத்தை இடப்பக்கம் திருப்பினேன். மூன்று மாதமாக நான் பார்க்க முடியாமல் இருந்த பக்கத்தில் ஒரு சுவர் தெரிந்தது. எனக்கு அழுகை வந்தது, மறைக்கவில்லை. தேன் கரைத்த தண்ணீர் கொடுத்துப் படுக்கச் சொன்னார்கள். அன்றைக்கு என் கை எங்கேயும் எதையும் தட்டவில்லை.

செவ்வாய்க்கிழமை காலை மீராலெப்பை கையைத் தலைக்கு மேல் தூக்கிக் காட்டிவிட்டு ஆதம்பாவாவுக்குக் கொம்பு வைத்தார். மாலை ஐந்து நாற்பது ரயிலுக்கு நான் புறப்பட்டேன். சோதனை முடிவை அறிவிக்கிறேன் என்றபோது ஆசியா உம்மா கதவுக்குப் பின்னாலிருந்து சொன்னார்: "கடுதாசி போடுங்க தம்பி. பத்து நாள் போனாலும் பரவாயில்ல. தந்தி மட்டும் அடிச்சுராதீங்க."

புதன் காலை நிமிடத்துக்கு இருபத்திரண்டு சொல் அடித்தேன். மேலதிகாரி கடிகாரத்தை இரண்டு முறை பார்த்தார். என் இடம் எனக்கே இருக்கிறது.

போகிறவர்களுக்குச் சில வார்த்தைகள். போகும் முன் எந்த ஊரில் பிறை என்றைக்குக் கண்டார்கள் என்று விசாரித்துக்கொள்ளுங்கள். இரண்டு நாள் கூடுதலாகக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். ரத்தம் குறைந்தவர்கள், புண் எளிதில் ஆறாதவர்கள், கர்ப்பிணிகள் போக வேண்டாம், ஒஸ்தாமாரே திருப்பி அனுப்புவார்கள். கத்தியை நெருப்பில் காட்டுகிறாரா என்று கண்ணால் பாருங்கள். முற்றாகக் குணமாகும் என்று நான் சொல்லமாட்டேன். எனக்கு ஒரு மாதத்தில் பாதிப் பிடிப்புத் திரும்பியது. ஆனால் பாதி பாதிதான். ஏறாவூரில் ஐம்பது சத அறையில் மூட்டைப்பூச்சி உண்டு.

இன்னொன்று, இது என் தொழிலைப் பற்றியது. கவுண்டருக்கு வருகிறவர்களுக்கு இப்போது நான் சொல் எடுத்துக் கொடுப்பதில்லை. அவர்கள் சொல்வதை அப்படியே அனுப்புகிறேன். இறந்தார் என்றால் இறந்தார். முன்பு ஒரு தந்திக்கும் அடுத்ததற்கும் நடுவில் எனக்கு மூச்சு விடவே நேரம் இருக்காது. இப்போது ஒவ்வொன்றும் எந்த வாசலில் போய் இறங்கும் என்ற நினைப்பு வந்துவிடுகிறது. அது நல்லதா கெட்டதா தெரியவில்லை, நிம்மதி போய்விட்டது.

வேலை நிலைத்த செய்தியைக் கடிதத்தில்தான் எழுதினேன். பதில் பதினாறாம் நாள் வந்தது. அவ்வளவு நாள் ஒரு பதிலுக்காக நான் காத்திருந்ததே இல்லை. ஆசியா உம்மா சொல்லச் சொல்ல யாரோ எழுதிய கடிதம். இந்த மாதம் இரண்டு ஊரும் ஒரே நாளில் பிறை கண்ட விஷயமெல்லாம் பின்னால் இருந்தது. முதல் வரி இப்படித் தொடங்கியது: "தம்பிக்கு, இது கடுதாசி, தந்தி இல்லை. அதனால் நீங்கள் நம்பலாம். நாங்கள் எல்லாரும் உயிரோடு சுகமாக இருக்கிறோம்."